ஆறாம் வகுப்புப் பசலை

கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில், மீன்காரிகள் உட்காரும் வரிசை முடிகிற இடத்தில் கருப்பையாவின் கடை இருக்கிறது. தோசை மாவு, கறிவேப்பிலை, புதினா, அப்பளம், காப்பித்தூள், சாயங்காலமானால் சுடச்சுட மெதுவடை. தேவகோட்டைக்குப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் மாமா கடைக்கு வேலைக்கு வந்தவர், இருபத்தெட்டு வருஷத்தில் அந்தச் சாலையிலேயே ஊன்றிவிட்டார். கடைக்கு மேலே வீடு.

அவர் மனைவி மஞ்சுளா கல்கத்தாவிலேயே பிறந்தவள். அப்பா வங்கியில் குமாஸ்தா. தாவரவியல் படித்துவிட்டு, வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் பெண்கள் பள்ளியில் பதினாலு வருஷமாக ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்துவந்தாள். வருஷா வருஷம் டிசம்பரில் புதுப்பிக்கிற வேலை. பதினாலு தடவை புதுப்பித்தாயிற்று, பதினைந்தாவது தடவையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அவள் இரண்டாம் மாடியில் பாடம் நடத்தினால் ரயிலுக்கு நிற்பவர்களுக்கும் மகரந்தச் சேர்க்கை தெரிந்துவிடும் என்று பள்ளியில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட குரல்.

மார்ச்சில் அவள் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. தைராய்டு என்றார்கள். கோடை விடுமுறையில் அறுவை செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று கருப்பையா காளிகாட் கோயிலுக்குப் போய் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். ஆனால் மஞ்சுளாவுக்குக் குரல் திரும்பவில்லை. வாய் அசைந்தது, மூச்சு வந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார்.

"ரெண்டு கதவு மாதிரி இருக்கு பாருங்க. ஒண்ணு ஆடுது, ஒண்ணு அப்படியே நிக்குது. கட்டி நரம்போட ஒட்டி வளர்ந்திருந்தது. நரம்பு அறுபடல, மயங்கிக் கிடக்கு. மூணு மாசத்துல முழிச்சுக்கலாம், ஆறு மாசமும் ஆகலாம். சில பேருக்கு வராமலும் போகும், அதையும் சொல்லிடறேன். ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. கஷ்டப்பட்டுக் கத்தாதீங்க."

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, கருப்பையா மாவு கிரைண்டரை நிறுத்திவிட்டு மேலே வந்தார். மஞ்சுளா சமையலறையில் ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை வைத்துக் கொப்புளம் ஊதிக்கொண்டிருந்தாள். குரலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லிக்கொடுத்தது அது. காலையும் மாலையும் பத்து நிமிஷம்.

"மஞ்சு, நான் ஒண்ணு சொல்லுறேன், கோவிச்சுக்கிறாத," என்றார். "இந்த வேலைய விட்ரு. கடையில வந்து ஒக்காரு. மாவு அளந்து குடுக்க வாய் என்னத்துக்கு? வர்றவுக பூராம் தெரிஞ்சவுகதானே."

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்ன எப்புடி? அம்புட்டுப் புள்ளைக கத்துற எடத்துல ஒன் மூச்சுக் காத்து யாருக்குக் கேக்கும்? தெரியாமத்தான் கேக்குறேன்."

அவள் பக்கத்தில் வரச்சொல்லிக் கை காட்டினாள். அவர் குனிந்தார்.

"கடையில உக்காந்தா," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. "குரல் போனது நிஜம்னு ஆயிரும்."

கருப்பையா நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "சரி. இந்தப் பேச்ச இதோட விட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். அதற்குப் பிறகு உண்மையிலேயே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்காகவே மஞ்சுளா பின்னால் பல தடவை அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சாதனா ஒரு யோசனை சொன்னாள். "அம்மா, காலர் மைக் வாங்கலாமே. எங்க கோச்சிங் ஸார் அதான் மாட்டிக்கறார். தாருண் சவுண்ட், சூப்பரா இருக்கும்." சிநேகிதியிடமிருந்து இரவல் வாங்கி வந்து மாட்டிப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் கேட்டது வெறும் காற்று. புயல் நாளில் ஜன்னல் இடுக்கில் கேட்குமே, அது மாதிரி. சாதனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மைக்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

பள்ளித் தலைமையாசிரியை நந்திதா. அங்கே எல்லோரும் அவரைப் பெரியக்கா என்ற பொருளில் 'பொர்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி திறந்த அன்று மஞ்சுளாவை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"உன்கிட்ட மூடி மறைக்க மாட்டேன், மஞ்சுளா. ஏழும் எட்டும் வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன். துர்கா பூஜோ வரைக்கும் பார்க்கலாம்னு கமிட்டி சொல்லுது. ஆறாம் வகுப்புக்கு வேலைக்கல்வி ஆள் இல்லாம கிடக்கு. வாரத்துக்கு அஞ்சு பீரியட். தையல், களிமண், செடி, எது வேணும்னாலும் செய். பேச்சு அதிகம் தேவைப்படாது."

மூலையில் போடுகிறார்கள் என்று மஞ்சுளாவுக்குப் புரிந்தது. மூலையாவது கொடுக்கிறார்களே என்பதும் புரிந்தது. நந்திதாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தாள்.

ஆறாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பெண்கள். இரண்டாம் மாடி, மேற்கு பார்த்த அறை. ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதை. மிஸ்ஸுக்குப் பேச வராது என்பது முதல் நாளே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மஞ்சுளா மேஜையைத் தட்டினாள், கை தூக்கினாள், கரும்பலகையில் எழுதினாள். ஒன்றும் எடுபடவில்லை. மணி அடிக்கும்வரை அந்த இரைச்சலுக்கு நடுவே நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் பள்ளித் தோட்டத்தில் கவாத்து செய்த ரோஜாக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோனாள். மேஜைப் பக்கமே போகவில்லை. வகுப்பின் நடுவில் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், பிளேடால் குச்சிகளை வெட்ட ஆரம்பித்தாள். முதலில் நாலு பேர் வந்து குனிந்தார்கள். பிறகு பத்துப் பேர். அவள் சொல்வது காதில் விழ, தலையைக் கிட்டே கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லோருக்கும் இடமில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

"கணுவுக்குக் கீழே சாய்வா வெட்டணுமாம்."

"கணுன்னா என்ன?"

"முட்டி மாதிரி புடைச்சிருக்குல்ல, அது. அங்கேருந்துதான் வேர் வருமாம்."

"ஏன் சாய்வா?"

கேள்வி முன்னால் வந்தது. மஞ்சுளா பதில் சொன்னாள். பதில் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது அது கொஞ்சம் மாறிப்போயிருந்தது. அவள் எழுந்து போய் அங்கே சரி செய்தாள். பதினாலு வருஷத்தில் கடைசி பெஞ்சு வரை நடந்துபோய்ப் பாடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்த ரோஜாக் குச்சிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. போகிறவள் வருகிறவள் எல்லாம் தண்ணீர் ஊற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் அடியெல்லாம் கறுத்து அழுகி, நாற்றம் பக்கத்து வகுப்புக்குப் போய், அந்த ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். மஞ்சுளா எல்லாவற்றையும் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். சத்தமில்லாத அழுகை. தண்ணீர் குடிக்க வந்த கருப்பையாவுக்கு அவள் தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"என்னத்தா, எதுக்கு அழுகுற?"

அவள் சொன்னாள். அவர் அவள் வாயருகே காதை வைத்து, பாதியில் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரோசா எதுக்கு வச்ச? அது பவுசு பாக்குற செடி. கொஞ்சம் தண்ணி கூடுனாலும் கோவிச்சுக்கிரும், கொறஞ்சாலும் கோவிச்சுக்கிரும். இந்தா, நம்ம கடையில புதினாக் கட்டு மிஞ்சிப்போனா வாளித் தண்ணியில போடுறேன்ல, நாலாம் நாளு பாத்தா வெள்ளை வெள்ளையா வேரு எறங்கிக் கெடக்கு. நான் அதப் பிச்சுப்போட்டுட்டு விக்குறேன். அப்புறம் இவுக திங்கிறாகளே புய்ஷாக்கு, நம்ம கொடிப்பசலை, அது எங்கிட்டுப் போட்டாலும் பத்திக்கிரும். மீன்காரி ஆஞ்சுபோட்ட தண்டு சாக்கடை ஓரத்துல கொடியேறிக் கெடக்கு, நீ பாத்ததில்லையா? சின்னப் புள்ளைக கையில மொதமொத தோத்துப்போகாததாப் பாத்துக் குடு."

"பாட்டனி படிச்சது நானு," என்றாள் மஞ்சுளா மூச்சுக்குள்.

"அதான் ரோசாவுக்குப் போயிட்ட."

மறுநாள் கடையைச் சாதனாவிடம் விட்டுவிட்டு, ஒரு வேன் ரிக்ஷாவில் சாமான் ஏற்றிக்கொண்டு கருப்பையா பள்ளிக்கு வந்தார். பாதியாக வெட்டிய எண்ணெய் டின்கள், ஓட்டை போட்ட மாவு டப்பாக்கள், கடையில் உரித்த தேங்காய் நார் இரண்டு சாக்கு, வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய மணல் அரைச் சாக்கு, சந்தையில் வாங்கிய பசலைத் தண்டு ஒரு பெரிய கட்டு. வாசல் காவலர் ரஞ்சன் வாயிலறையிலேயே குடியிருப்பவர், ஐம்பது தாண்டியவர். ஒரு வார்த்தை கேட்காமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கைத் தோளில் ஏற்றி இரண்டு மாடி ஏறினார். கருப்பையா வகுப்பு வாசலோடு நின்றுகொண்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். பாடம் நடக்கிற அறைக்குள் செருப்புக் காலோடு போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க அந்த அறையில் வேலை நடந்தது. நாரைப் பிரித்து ஊறவைத்தார்கள். மணலைச் சலித்தார்கள். தண்டை வெட்டுவது மட்டும் மஞ்சுளாவின் கை. கீழ் இலைகளைக் கிள்ளுவது, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுவது, ஐஸ்கிரீம் குச்சியில் பெயர் எழுதிச் செருகுவது எல்லாம் அவர்கள். அவரவர் செடிக்கு அவரவர்தான் தண்ணீர், அதுவும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். ஆறாம் நாள் பசலை நிமிர்ந்தது. பத்தாம் நாள் புதுத் தளிர். ஜன்னல் கம்பியில் சணல் கயிறு கட்டினார்கள். ஆகஸ்டில் மேற்கு வெயில் அந்த அறைக்குள் பச்சையாக விழுந்தது. பசலைக்குப் பின் செம்பருத்திக் குச்சி வைத்தார்கள். ஓரங்களில் குட்டி போடுகிற பாத்தர்குச்சி என்கிற ரணகள்ளி இலையை ஈர மணலில் படுக்கவைத்தார்கள்.

துலிகா என்று ஒருத்தி. ஒல்லி, இரட்டைப் பின்னல், கை சும்மா இருக்காது. வேர் வந்ததா என்று தினமும் தண்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவைப்பாள். மூன்று தண்டு அப்படிச் செத்தது. பழைய மஞ்சுளாவாக இருந்தால் ஒரு அதட்டலில் முடித்திருப்பாள். இப்போது ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, புதினாத் தண்டைப் போட்டு, அவள் மேஜையிலேயே வைத்தாள். துலிகா இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மதியம் ஆசிரியர் அறைக்கு ஓடிவந்து, மஞ்சுளாவின் காதருகே குனிந்து, "மிஸ், வந்துருச்சு. ஒரு நூல் மாதிரி," என்று கிசுகிசுத்தாள்.

"நீ எதுக்கு மெதுவா சொல்றே? உனக்கென்ன?"

"தெரியல மிஸ். உங்ககிட்ட வந்தா இப்படித்தான் வருது."

செப்டம்பர் இரண்டாவது வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. இரண்டு நாள் விடாமல் மழை. ஸ்டேஷன் சாலையில் முழங்கால் அளவுத் தண்ணீர். கருப்பையா மாவுத் தூக்குகளை எல்லாம் பெஞ்சு மேல் ஏற்றினார். பள்ளி மூன்று நாள் மூடல். மஞ்சுளாவுக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. அந்த அறையின் மேற்கு ஜன்னல் ஒன்றுக்குக் கதவு சரியில்லை. சாரல் நேராக அடிக்கும். அதன் கீழேதான் நாற்பத்திரண்டு டின்னும். மூன்றாம் நாள் காலை மழை தூற்றலாகக் குறைந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"தண்ணிக்குள்ள எங்க போற? குழி கெடந்தாத் தெரியாது," என்றார் கருப்பையா.

அவள் ரயில் பாதைப் பக்கம் கை காட்டினாள்.

"கீரைக்காகவா? போனாப் போகுது. வேற தண்டு வாங்கித் தாரேன்."

அவள் படியில் நின்று அவர் பக்கம் திரும்பினாள். "புள்ளைங்க திங்கக்கிழமை வந்து பார்ப்பாங்க," என்றாள். "இன்னொரு தடவை வாளியில போட்டு எடுத்துட்டுப் போக என்னால முடியாது."

அவர் குடையை எடுத்துக்கொண்டார். "நில்லு. நான் முன்னால போறேன், நான் கால் வச்ச எடத்துல வையி."

பள்ளி வாசலில் ரஞ்சனின் அறைக்குள் தண்ணீர் நின்றது. கட்டில் தலைகீழாகக் கிடந்தது. ஆளைக் காணோம். படியேறிப் போனார்கள். ஆறாம் வகுப்புக் கதவு திறந்திருந்தது. பெஞ்சுகளை ஒதுக்கி, உள்சுவர் ஓரமாகப் பாய் விரித்து ரஞ்சன் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு டின்னும் ஜன்னலை விட்டு உள்ளே வந்து, வரிசையாக, பெயர்க் குச்சி முன்பக்கம் தெரியும்படி நின்றன. கொடிகளைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, முறியாமல் சுருட்டி வைத்திருந்தார். சாரல் வந்த ஜன்னலில் அவருடைய போர்வை தொங்கியது. மூலையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மூடிய பாத்திரம்.

ரஞ்சன் எழுந்து கைகளைப் பிசைந்தார். மஞ்சுளாவை அக்கா என்ற பொருளில் 'திதி' என்றும், கருப்பையாவை அண்ணன் என்ற பொருளில் 'தாதா' என்றும்தான் அவர் கூப்பிடுவார்.

"என் அறைக்குள்ள தண்ணி வந்துருச்சு, திதி. வேற எங்க போறதுன்னு தெரியல, இங்க வந்துட்டேன். இதுங்களும் நனைஞ்சுட்டு இருந்துது. ஒரு தப்பு பண்ணிட்டேன், சொல்லிடறேன். கடை ஒண்ணும் திறக்கல. அரிசி பருப்பு மட்டும் இருந்தது. கிச்சுடியில போட ரெண்டு கைப்பிடி கீரை பறிச்சேன். ஒரே செடியில பறிக்கல. எல்லாச் செடியிலயும் ஒவ்வொரு இலை. யாருக்கும் வருத்தம் வரக்கூடாதுன்னு, பெயர் பார்த்துப் பார்த்துப் பறிச்சேன்."

மஞ்சுளா சிரித்தாள். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே, உடைந்த ஒரு ஒலி, கீச்சென்று, தொண்டையிலிருந்து வந்தது. வந்துவிட்டு நின்றது. திரும்பவும் வந்தது.

கருப்பையா கையிலிருந்த குடையைக் கீழே வைத்தார்.

"மஞ்சு," என்றார். "சத்தம் வந்துச்சு."

அவள் தொண்டையில் கை வைத்துப் பேச முயன்றாள். மூச்சுதான் வந்தது. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். மூன்று பேருக்கும் கேட்டிருந்தது. ரஞ்சன் பாத்திரத்தைத் திறந்தார். கிச்சுடி இன்னும் சூடாக இருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் இலையும் வெந்து குழைந்திருந்த அந்தக் கிச்சுடியை மூன்று பேரும் காகிதத்தில் வைத்துச் சாப்பிட்டார்கள். கருப்பையா அன்றிலிருந்து ரஞ்சனிடம் வடைக்குக் காசு வாங்குவதில்லை.

பூஜோ விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னால் கமிட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் துலிகாவின் அப்பா சந்தீப். ஜாதவ்பூரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். பேச முடியாத ஆசிரியையிடம் பிள்ளைகளை ஒப்படைத்து வாரம் ஐந்து பீரியடை மண்ணில் போடுவது சரியா என்று கேட்டிருந்தார். கீழே இன்னும் எட்டுப் பெற்றோரின் கையெழுத்து. நந்திதா சனிக்கிழமை கூட்டம் போட்டார்.

"நீ எழுதிக் கொடு, நான் படிக்கிறேன்," என்றார் மஞ்சுளாவிடம்.

"நானே பேசறேன், பொர்தி."

"யாருக்குக் கேட்கும்?"

"பார்க்கலாம்."

கூட்ட அறையில் எழுபது பேர். எட்டு மின்விசிறி, எல்லாம் பழையது, கடகடவென்று ஓடின. மஞ்சுளா எழுந்து முன்னால் நின்று வாயைத் திறந்தாள். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "என்ன சொல்றாங்க?" என்றார். செடி டின்களைக் கொண்டுவந்து வைப்பதற்காக நாலு பிள்ளைகள் கதவோரம் நின்றிருந்தார்கள். அவர்களில் துலிகா யாரையும் கேட்காமல் சுவரோரம் போய், நுனிக்காலில் எம்பி, எட்டு ஸ்விட்சையும் வரிசையாக அணைத்தாள்.

மின்விசிறிகள் ஓய்ந்து நின்றன. செப்டம்பர் மாதப் புழுக்கம் சட்டென்று இறங்கியது.

"மன்னிக்கணும், சீக்கிரம் முடிச்சுடறேன்," என்று மஞ்சுளா கிசுகிசுத்தாள். எழுபது பேருக்கும் கேட்டது. "நாங்க முதல்ல வச்சது அத்தனையும் அழுகிப்போச்சு. தப்பு என்னோடது. பிள்ளைங்க தண்ணி ஊத்துவாங்கன்னு நான் யோசிக்கல. திரும்பி வச்சோம். இப்ப ஒவ்வொருத்திக்கும் தன் செடிக்கு எப்ப தண்ணி வேணும், எப்ப வேண்டாம்னு தெரியும். என்னைக் கேக்கறதில்ல, விரலை விட்டுப் பார்த்துக்கறாங்க. என் குரல் வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. இந்த மூணு மாசத்துல இவங்க என்னை ஒரு தடவைகூட ரெண்டாவது முறை சொல்ல வைக்கல. அதுக்கு உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு இருந்தேன். கடிதம் வந்ததால வாய்ப்புக் கிடைச்சுது."

சந்தீப் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒண்ணு கேக்கறேன். பிள்ளையைக் கண்டிக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல போவேன்," என்றாள் மஞ்சுளா.

அவர் உட்காரவில்லை. கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "என் வீட்டு வராந்தாவுல பதினோரு பாட்டில் நிக்குது," என்றார். "என் மனைவிக்குத் துணி காயப்போட இடமில்லை. அதைக் கடிதத்துல எழுத மறந்துட்டேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஒரு செம்பருத்திக் குச்சியும் கொண்டுவந்திருக்கா. அது எப்ப பூக்கும்?"

"அடுத்த கோடையில."

"அதுவரைக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமே," என்று தனக்குத்தானே சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குள் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கூட்டம் முடிந்துவிட்டதா, விசிறியைப் போடலாமா என்று நந்திதாவைப் பார்த்து அவரே கேட்டார்.

பூஜோ முடிந்து லக்ஷ்மி பூஜை அன்று காலை, தம்ளரில் ஊதிக்கொண்டிருந்தபோது மஞ்சுளாவுக்கு 'ஊ' என்று ஒலி எழும்பியது. நாலு விநாடி நின்றது. அடுத்த வாரம் எட்டு விநாடி. நவம்பரில் டாக்டர் திரையைக் காட்டி, "பாருங்க, ரெண்டாவது கதவும் நகருது," என்றார். பழைய குரல் வராது, இது கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கும், சீக்கிரம் களைத்துப்போகும் என்றும் சொன்னார். அது போதும் என்றாள் மஞ்சுளா. டிசம்பர் முதல் வாரத்தில் நந்திதா அடுத்த வருஷத்துக்கான தாளைக் கையில் கொடுத்தார். ஏழாம் வகுப்பு உயிரியல் ஒரு பிரிவு, அத்துடன் ஆறாம் வகுப்பு வேலைக்கல்வி. இரண்டாவதை மஞ்சுளாவே கேட்டு வாங்கியிருந்தாள்.

டிசம்பரில் வருஷக் கடைசி நாள். பிள்ளைகள் அவரவர் செடியை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். மிச்ச டின்களையும் டப்பாக்களையும் திரும்ப எடுத்துவரக் கருப்பையா வந்திருந்தார். குளிர் நாள். மேல் மாடிப் படியில் பாதி ஏறியபோது வகுப்பிலிருந்து மஞ்சுளாவின் குரல் கேட்டது.

"அன்வேஷா கோஷ்."

வருகைப் பதிவேட்டை இத்தனை மாதமும் வகுப்புத் தலைவிதான் வாசித்துவந்தாள். இன்று மஞ்சுளா அதைத் தன் கையில் எடுத்திருந்தாள். பெயரைச் சொல்வாள். அந்தப் பெண் எழுந்து வந்து செடியை வாங்கிக்கொண்டு போவாள். பிறகு அடுத்த பெயர். குரலில் மணல் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு. சில பெயர்களில் பாதியில் உடைந்தது. அப்போது அவள் நிறுத்தி, தண்ணீர் குடித்து, அதே பெயரை முதலிலிருந்து சொன்னாள்.

வீட்டில் அவள் இப்போது பேசத்தான் செய்கிறாள், ஒன்றிரண்டு வாக்கியமாக. இப்படித் தொடர்ந்து, ஒரு அறை நிறையும்படி அவள் பேசி அவர் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. கருப்பையா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரஞ்சன் மண் குவளையில் டீயோடு மேலே ஏறிவந்தார். "என்ன தாதா, குளிர்ல இங்க உக்காந்துட்டீங்க? திதியைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார் கருப்பையா வங்காளத்தில், கையால் தடுத்து. "பேர் வாசிச்சுட்டு இருக்கா. நீங்களும் உக்காருங்க."

ரஞ்சன் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். பதினேழாவது பெயர் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இருபத்தைந்து இருந்தது.